யார் கை நனைகிறது: குழந்தைக்குக் கழிப்பறை பழக்கும் முதல் வாரங்கள்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் போகிற சாலையில், ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். மேற்கே திரும்பினால் படவேடு, ரேணுகாம்பாள் கோயில், வாழைத்தோட்டங்கள். அதற்கு அப்பால் மலை. இதுபோன்ற சாலையோர ஊர்களின் மளிகைக் கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் டயப்பரும் ஒற்றை ஒற்றையாகத் தொங்குகிறது. கடைக்குப் பின்தெருவில் டைல்ஸ் போட்ட வீட்டில் ஒரு பிள்ளை டயப்பரில் வளர்கிறது. மலைமேல் மண்முற்றத்து வீட்டில் இன்னொரு பிள்ளை அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு ஓடுகிறது. இரண்டும் இரண்டு வயதைத் தாண்டியதும் பால்வாடியில் ஒரே வரிசையில் உட்காரப் போகின்றன. அதற்குள் இரண்டும் ஒண்ணுக்கு, ரெண்டுக்குச் சொல்லக் கற்றிருக்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எப்போது தொடங்குவது, எப்படிப் பழக்குவது, யார் செய்வது என்பதில்தான் மாமியாருக்கும் மருமகளுக்கும், டாக்டருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒத்துப்போவதில்லை.

முதல் வாரங்களின் களைப்பு அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அரைமணிக்கு ஒருமுறை உட்காரவைத்தால் ஒன்றும் வராது. எழுப்பி ஜட்டி மாட்டியதும் நடுக்கூடத்தில் குளம் கட்டும். துடைத்து நிமிர்வதற்குள் சோறு அடிபிடிக்கும். ராத்திரி இரண்டு தடவை பாய் மாற்ற வேண்டும். காலையில் துணி மூட்டை. தமிழில் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். வருகை, அம்புலி வரையிலான பருவங்களில்தான் இந்தக் கூத்தும் நடந்திருக்கும். அதற்கு ஒரு பருவம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. துணி அலசியவர்கள் பாடியிருந்தால் பதினொன்றாவது பருவம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும்.

இதில் குழந்தையின் உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். சிறுநீர்ப்பையின் கொள்ளளவைக் கணக்கிட மருத்துவர்களிடம் ஓர் எளிய சூத்திரம் உண்டு: வயதோடு இரண்டைக் கூட்டி 30 மில்லியால் பெருக்குவது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 120 மில்லி, அதாவது அரை டம்ளர். அது நிறைந்தால் நிறைந்ததுதான். நிறைகிறது என்று உணர்வது, கொஞ்சம் அடக்குவது, நினைத்தபோது விடுவது ஆகிய மூன்றும் பொதுவாக ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் மெல்ல மெல்லக் கூடிவருகின்றன. இதில் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு பெரிது. ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளைவிடச் சில மாதம் பிந்துவது வழக்கம். மலத்தின் நேரத்தைக் கணிப்பது சற்று எளிது. சாப்பிட்ட இருபது, முப்பது நிமிடத்தில் குடல் தானே அசையும். காலைக் கஞ்சிக்குப் பிறகு உட்காரவைக்கும் பழக்கத்துக்கு இருக்கும் நியாயம் இதுதான்.

இந்த நியாயம் நம் பாட்டிகளுக்கு நூல் படிக்காமலே தெரியும். கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்து, வாயால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓசை கொடுத்துப் போகவைப்பது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். குழந்தை எழுந்ததும் ஒருமுறை, பால் குடித்ததும் ஒருமுறை, குளிப்பாட்டும் முன் ஒருமுறை. நாள் போகப்போக ஓசையும் உட்காரும் விதமும் குழந்தைக்குக் குறிப்பாகிவிடும். பழக்கப்படுவது குழந்தையா, பாட்டியா என்று கேட்டால், முதல் ஆண்டில் பெரும்பாலும் பாட்டிதான். குழந்தையின் முகம் சுளிப்பதையும் திடீரென்று ஆட்டம் நின்றுபோவதையும் படிக்கக் கற்றுக்கொள்வது அவர்தான்.

மார்ட்டன் டி வ்ரீஸ், ரேச்சல் டி வ்ரீஸ் ஆகிய இருவரும் 1977இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களைப் பற்றி எழுதிய கட்டுரை குழந்தை மருத்துவ உலகில் பலரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. அங்கே தாய் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பிறந்து சில வாரமே ஆன குழந்தையைக் கால்களுக்கு நடுவே வைத்து, ஓசை எழுப்பிப் பழக்குகிறாள். ஐந்தாறு மாதத்திலேயே பெருமளவு நனையாமல் இருக்கிறது குழந்தை. அந்த வர்ணனையைத் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிழவி யாருக்காவது படித்துக்காட்டினால், ‘இதுக்குப் போயா ஆராய்ச்சி’ என்று கேட்பார். வியட்நாம் குழந்தைகளை ஸ்வீடன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2013இல் வந்த ஆய்வும் அதே திசையில்தான் போகிறது. வியட்நாம் தாய்மார் விசிலடித்துப் பழக்குகிறார்கள். ஒன்பது மாதத்துக்குள் எல்லாரும் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளின் சிறுநீர்ப்பை அந்த வயதிலேயே மீதமின்றிக் காலியாகவும் செய்கிறது.

மேற்கில் இந்தக் கேள்வி ஊசல் ஆடியிருக்கிறது. 1920, 30களில் அமெரிக்க வளர்ப்பு நூல்கள் பிறந்த சில மாதங்களிலேயே கடிகாரம் பார்த்துக் கண்டிப்போடு பழக்கச் சொல்லின. 1946இல் ஸ்பாக் டாக்டரின் புத்தகம் வந்தபின் கண்டிப்பு தளர்ந்தது. 1962இல் டி. பெர்ரி பிரேசல்டன் 1,170 குழந்தைகளின் பதிவுகளை வைத்து, பிள்ளை தயாராகும்வரை காத்திருங்கள் என்றார். தயார் என்பதற்கு அவர் வழிவந்தவர்கள் தந்த அடையாளங்கள் நடைமுறையில் இன்றும் உதவுகின்றன: இரண்டு மணி நேரம் நனையாமல் இருப்பது, நனைந்தால் சொல்வது, ஜட்டியைத் தானே இறக்க முயல்வது, பெரியவர்கள் போவதைப் பார்த்துச் செய்ய ஆசைப்படுவது. அவருடைய பதிவுகளில் உள்ள குழந்தைகள் பகலில் நனையாமலான சராசரி வயது 28 மாதத்தைச் சற்றுத் தாண்டியது. பின்னாளில் அவர் ஒரு டயப்பர் நிறுவனத்தோடு சேர்ந்து, பெரிய பிள்ளைகளுக்கான டயப்பர் விளம்பரத்தில் தோன்றினார் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. காத்திருப்பதில் யாருக்கு இலாபம் என்ற கேள்வி மட்டும் எழும்.

எதிர்த்திசையில் போனவர்கள் நேத்தன் அஸ்ரினும் ரிச்சர்ட் ஃபாக்ஸும். 1970களின் தொடக்கத்தில் அவர்கள் வகுத்தது ஒரே நாள் முறை. பிள்ளைக்கு நிறையக் குடிக்கக் கொடுத்து, பொம்மையை வைத்துச் செய்துகாட்டி, நனையாமல் இருந்தால் தின்பண்டமும் பாராட்டும் தந்து, நாள் முழுக்க வேறு வேலையே இல்லாமல் கூட இருப்பது. 34 குழந்தைகளிடம் செய்துபார்த்ததில் சராசரியாக நாலு மணி நேரத்தில் பலித்ததாக எழுதினார்கள். ‘மூன்றே நாளில்’ என்று இன்று சொல்லப்படும் முறைகள் பலவும் இதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 2003இல் பிலடெல்பியாவில் பிளம், டாப்மன் குழுவினர் கண்டது இவற்றுக்கு நடுவே ஓர் அளவுகோல் வைக்கிறது. சீக்கிரம் தொடங்கியவர்கள் சீக்கிரம் முடித்தார்கள். ஆனால் இழுத்துக்கொண்டே போன காலம் அதிகம். 27 மாதத்துக்கு முன் தீவிரமாக இறங்கியதால் பெரிய ஆதாயம் இல்லை.

இவ்வளவையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குப் புலப்படுவது ஒன்று. எந்த முறையும் வேலையைக் குறைக்கவில்லை; அதை வைக்கும் இடத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். பாட்டி முறை வேலையை இரண்டு வருடத்துக்கு மெல்லியதாகப் பரப்பிப் பல கைகளில் கொடுக்கிறது. அஸ்ரின் முறை ஒரே ஆளின் ஒரு நாளில் மொத்தத்தையும் கொட்டுகிறது. பிரேசல்டன் தள்ளிவைக்கிறார். டயப்பர் காசாக மாற்றித் தள்ளிவைக்கிறது. ஆகவே எது சிறந்த முறை என்று கேட்பதைவிட, இந்த வீட்டில் எத்தனை கை இருக்கிறது, அவை எப்போது சும்மா இருக்கும் என்று கேட்பது பயன் தரும். ‘என் புள்ளைங்க எல்லாம் ஒரு வயசுலயே சொல்லிடுச்சிங்க’ என்று மாமியார் சொல்வதில் பொய் இல்லாமல் இருக்கலாம். அந்தப் புள்ளைங்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள அந்தக் காலத்தில் ஓர் ஆயாவும் இரண்டு நாத்தனாரும் இருந்ததை அவர் சேர்த்துச் சொல்வதில்லை.

இன்று அந்தக் கைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்துப் பெண்கள் பலர் செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகளுக்கு வேனில் போகிறார்கள். படவேட்டுப் பக்கம் பூப்பறிப்பும் நடவும் விடிவதற்குள் தொடங்கிவிடும். நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் பாட்டிக்கே பேரப்பிள்ளையைப் பார்க்க நேரம் இல்லை. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம், பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. ஏட்டில் நல்ல ஏற்பாடு. வரப்பு மரத்து நிழலில் அது எவ்வளவு நடந்தது என்பது வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அலுவலகப் பெண்ணுக்கு 2017 திருத்தத்துக்குப் பின் 26 வாரம் பேறுகால விடுப்பு. பிள்ளை உட்காரப் பழகும் வயதில் அவள் வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். கழிப்பறைப் பழக்கத்துக்கென்று விடுப்பு தரும் சட்டம் எந்த நாட்டிலாவது வந்தால் அதை முதலில் வரவேற்பவர்கள் அந்த ஊர்த் துணிதுவைப்பவர்களாக இருப்பார்கள்.

கைகளைப் போலவே வீடும் மாறிவிட்டது. தூளி என்பது ஒரு பழைய புடவை. நனைந்தால் அவிழ்த்து அலசி இன்னொன்றைக் கட்டலாம். தரை சாணம் மெழுகியதோ சிமெண்ட்டோ. படுக்கக் கோரைப்பாய். பிள்ளைக்குக் கீழே துணி கிடையாது. ஒருமுறை தவறினால் அதன் விலை ஒரு சொம்புத் தண்ணீர். இன்றைய விலை வேறு: பஞ்சு மெத்தை, சோபா, வழுக்கும் டைல்ஸ், எலாஸ்டிக் வைத்த பேண்ட். விலை ஏற ஏறக் கோபமும் ஏறுகிறது. முதல் இரண்டு வாரத்தில் அம்மா அழுவதற்கும் பிள்ளை அடிவாங்குவதற்கும் பிள்ளையின் பிடிவாதத்தைவிட இந்த விலைதான் காரணம் என்று நினைக்கிறேன். எனவே களைப்பைத் தாங்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது இந்த விலையைக் குறைப்பது. மெத்தையைச் சுருட்டிவைத்துவிட்டுப் பாய்க்கு வருவது, ரப்பர் ஷீட்டின்மேல் இரண்டடுக்குப் பழைய வேட்டி விரிப்பது, வீட்டுக்குள் இருக்கும்போது பேண்ட்டைக் கழற்றிவிடுவது, கைக்கெட்டும் இடத்தில் ஒரு வாளியும் துணியும் வைப்பது. கோடை வசதி, அடைமழைக் கார்த்திகையில் துணி காயாது. பிள்ளைக்கு அவசரம் இல்லையென்றால் தை பிறக்கும்வரை பொறுக்கலாம்.

இனி கழிப்பறை. 2014 அக்டோபர் 2இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் தனிவீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் தந்தது. ஊர்களில் கழிப்பறைகள் எழுந்தன. அவை எழுந்த அளவு பெரியவர்களின் அளவு. கால்வைக்கும் மேடைகளுக்கு நடுவே உள்ள அகலத்தில் இரண்டு வயதுப் பிள்ளை காலை விரித்து நிற்கமுடியாது. கீழே இருட்டான துளை. கதவைச் சாத்தினால் இருட்டு. விளக்கு இல்லாத இடமும் உண்டு. தண்ணீர் ஊற்றும்போது எழும் இரைச்சல் வேறு. விழுந்துவிடுவோம் என்று பிள்ளை அலறுவதில் வியப்பில்லை. அதனால் கழிப்பறை உள்ள வீட்டிலும் பிள்ளை முற்றத்தில்தான் போகிறது, அல்லது வாசல் சாக்கடை ஓரத்தில். ‘கொழந்தைதுதானே’ என்று யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் திருச்சியின் குடிசைப் பகுதிகளில் சிறுவர்களுக்கென்றே ஆழம் குறைந்த, திறந்த, சின்னக் கழிப்பிடங்கள் கட்டிக்காட்டியதற்குக் காரணம் இந்தப் பயம்தான். பல பால்வாடிகளிலும் சின்ன பேசின் வந்திருக்கிறது.

குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற நம்பிக்கைதான் இந்த விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு. வயிற்றுப்போக்குக் கிருமிகள் பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளிடம் அதிகம் சுற்றுகின்றன. ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வில், கழிப்பறை கட்டிய கிராமங்களில் கழிப்பறையுள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. பிள்ளைகளின் வயிற்றுப்போக்கோ குறையவில்லை. கட்டியதை எல்லாரும் பயன்படுத்தவில்லை என்பதும், குழந்தைகளின் மலம் கழிப்பறைக்குப் போய்ச்சேரவில்லை என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் சேரும். நம் பக்கத்திலேயே, ஜவ்வாது மலை ஒன்றியத்திலும் திமிரியிலும் வேலூர் சிஎம்சி மருத்துவமனை ‘டிவார்ம்3’ என்ற பன்னாட்டு ஆய்வை நடத்தியது. மண்வழிப் புழுக்களைச் சமூகம் முழுவதற்கும் மாத்திரை கொடுத்து ஒழிக்கமுடியுமா என்பது அதன் கேள்வி. இங்கே அதிகம் இருந்தது கொக்கிப்புழு. ஈரமண்ணில் விழுந்த முட்டை ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் வெறுங்காலின் தோலைத் துளைக்கும் நிலைக்கு வரும். கொக்கிப்புழுவை அதிகம் சுமப்பது பெரியவர்கள்தான். ஆனாலும் முற்றத்தில் வெறுங்காலோடு ஓடுவது பிள்ளை. குடற்புழு நீக்க நாளில் ஒரு வயதிலிருந்தே அல்பெண்டசோல் கொடுப்பது இதனால்தான். மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மண் தினமும்.

எனவே இரண்டு வயதுப் பிள்ளையைப் பெரியவர் கழிப்பறையில் உட்காரவைத்தே தீரவேண்டும் என்பதில்லை. சின்னக் கழிப்பு நாற்காலி ஒன்று வாங்கலாம். இல்லாவிட்டால் பழைய பிளாஸ்டிக் கிண்ணமும் மணையும் போதும். பாட்டியின் நீட்டிய கால்களும் போதும். விழுந்ததைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவதும், பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டபின் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும்தான் விட்டுவிடக்கூடாதவை. தாளில் வாரிப் புதரில் எறிவது பலன் தராது. கழிப்பறை இல்லாத மலைவீட்டில் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு எட்டத்தில் குழி தோண்டி மூடுவது அடுத்த நல்ல வழி.

டயப்பரை நான் பழிக்கமாட்டேன். ராத்திரிக்கும் பஸ் பயணத்துக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் அதற்குள் இருக்கும் உறிஞ்சும் பொடி ஈரத்தை இழுத்துக் கெட்டிக் கூழாக்கிவிடுவதால், நனைந்தோம் என்ற செய்தி பிள்ளைக்குப் போய்ச்சேருவதில்லை. பழக்கத் தொடங்கியபின் பகலில் டயப்பரும் வேண்டும், பிள்ளை சொல்லவும் வேண்டும் என்றால் நடக்காது. பகலில் கழற்றி, ராத்திரி போட்டு, ஆறு வாரம் ஓட்டுவது பல வீட்டுக்கு ஒத்துவரும் சமரசம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் பயன்படுத்திய டயப்பரைச் சுற்றிக் கொடுக்க உறை தரவேண்டும் என்று தயாரிப்பாளருக்குச் சொல்லின. உறை வந்தாலும் அதை வாங்கிப்போக ஊராட்சி வண்டி வராத தெருவில் அது ஏரிக்கரைக்குத்தான் போகிறது.

களைப்பு உச்சத்துக்குப் போகும் இடம் பெரும்பாலும் ஒண்ணுக்கு அல்ல, ரெண்டுக்கு. டாப்மன் 1997இல் 482 பிள்ளைகளைப் பார்த்தபோது, ஐந்தில் ஒன்றுக்கு மேல் சிறுநீருக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டே மலத்துக்கு மட்டும் ஒரு மாதமாவது மறுத்தது. ஒருமுறை இறுகி வலித்திருக்கும்; அந்த வலிக்குப் பயந்து அடக்கும்; அடக்கினால் இன்னும் இறுகும். கதவுக்குப் பின்னால் நின்று காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்கிறதே, அது முக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள்; பல நேரம் அது அடக்குவது. பாலும் பிஸ்கட்டுமே சாப்பாடான பிள்ளைக்கு இது சீக்கிரம் வரும். பாலைக் குறைத்து, தண்ணீர், கீரை, பழம், மலையில் விளையும் சாமைச் சோறு என்று மாற்றினால் பலருக்குச் சரியாகும். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவிச் செருகுவதும், சோப்புத் துண்டு வைப்பதும் அன்றைக்குக் காரியத்தை முடித்துவைக்கும். அடுத்த நாளின் பயத்தை இரட்டிப்பாக்கும். மலம் இளகும்வரை பழக்குவதையே நிறுத்திவைத்து, தேவையானால் டாக்டரிடம் மருந்து வாங்குவது நல்லது. டயப்பரில்தான் போவேன் என்றால் போகட்டும். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

அடி, சூடு, பூச்சாண்டி ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சிறுபிள்ளைகள் வீட்டில் கடுமையாகத் தாக்கப்படும் சந்தர்ப்பங்களில் கழிப்பறைப் பழக்கமும் ஒன்று என்பதைக் குழந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். படுக்கையை நனைத்ததற்காகச் சூடு போட்ட தழும்பு நம் ஊர்ப் பெரியவர்கள் சிலரின் தொடையில் இன்றும் உண்டு. கோபம் கைக்கு வருமுன் பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போவதுதான் வழி. இன்னொருவர் இல்லை என்றால் அன்றைக்கு டயப்பர் மாட்டிவிடலாம். பழக்கம் ஒரு நாளில் அழியாது. அப்பாவும் அந்த இன்னொருவர்தான். துணி அலசுவதை விட்டுவிட்டு ‘ஏன் இன்னும் சொல்லமாட்டேங்கிறான்’ என்று கேட்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

நன்றாகப் பழகிய பிள்ளை தம்பிப் பாப்பா பிறந்ததும் மறுபடி நனைக்கும். காய்ச்சலுக்குப் பின், வீடு மாறியபின், பால்வாடியில் சேர்ந்த முதல் வாரத்தில் நனைப்பதும் அப்படித்தான். சில வாரத்தில் திரும்பிவிடும். பால்வாடியில் சேர்க்கும்போது பிள்ளை வீட்டில் ஒண்ணுக்கை எந்தச் சொல்லால் சொல்கிறது என்று ஆயாவிடம் சொல்லிவைத்து, மாற்று ஜட்டி இரண்டைப் பையில் போட்டு அனுப்பினால் பாதித் தொல்லை தீரும். டீச்சர், ஆயா என இரண்டு பேர் ஓர் அறைப் பிள்ளைகளுக்கும் சமைத்துப் போட்டுப் பதிவேடும் எழுதும் இடத்தில், எல்லாப் பிள்ளைக்கும் நேரம் பார்த்து உட்காரவைப்பது நடக்கிற காரியமில்லை. சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே அங்கே உதவி கிடைக்கும்.

ராத்திரி நனைப்பதைப் பகல் பழக்கத்தோடு சேர்க்கக்கூடாது. அது பெருமளவு உறக்கத்தின் ஆழத்தையும், இரவில் சிறுநீரைக் குறைக்கும் சுரப்பு எப்போது சீராகிறது என்பதையும் பொறுத்தது. அப்பா அம்மா சிறுவயதில் நனைத்தவர்களானால் பிள்ளையும் நனைக்க வாய்ப்பு அதிகம். ஐந்து வயதுவரை மருத்துவர்கள் அதை நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் நனைக்கிறார்கள். அதன்பின் ஆண்டுதோறும் அவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தானாகவே நிறுத்திவிடுகிறார். டாக்டரிடம் போகவேண்டியது வேறு சில நிலைகளில்: ஐந்து வயதுக்குப் பின்னும் பகலிலேயே நனைத்தால், போகும்போது எரிச்சலில் அழுதால், சிறுநீர் எப்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால், ஆறு மாதம் காய்ந்திருந்த பிள்ளை திடீரென்று நனைத்து அதோடு அளவுக்கு மீறித் தண்ணீர் கேட்டால். கடைசியாகச் சொன்னது சர்க்கரை நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதைக் காட்ட மறுநாள்வரை காத்திருக்கக்கூடாது.